தேவானந்தம் மூடிய சுவர்

ஆம்பூரில் தேவானந்தம் என்று சொன்னால் எந்தத் தேவானந்தம் என்று கேட்பார்கள். "செவுத்துக்குள்ள கையெழுத்துப் போடுவாரே, அவரு" என்று சொன்னால் தெரிந்துவிடும்.

குழாய் வேலைக்காரர். வயது ஐம்பத்திரண்டு. சுவருக்குள் குழாயைப் பதித்து முடித்ததும், கொத்தனார் பூசி மூடுவதற்கு முன்னால், காதில் செருகியிருக்கும் தச்சுப் பென்சிலை எடுத்துக் குழாய்க்குப் பக்கத்தில் தன் பெயரையும் தேதியையும் எழுதுவார். பிறகு சுவர் மூடப்படும். அதன்மேல் டைல்ஸ் ஒட்டப்படும். அந்தக் கையெழுத்தை அதற்கப்புறம் ஒருவரும் பார்க்கக் கூடாது. பார்த்தார்கள் என்றால் சுவரை உடைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இருபத்தாறு வருடங்களில் யாரும் பார்த்ததில்லை. அவரிடம் இருந்த ஒரே சர்ட்டிபிகேட் இதுதான். அதை யாருக்கும் காட்ட முடியாது என்பது மட்டுமே அதில் ஒரு குறை.

படிப்பு ஒன்பதாவது வரை. முதலில் ஒரு தோல் தொழிற்சாலையில், தோலை ஊறப்போட்டு உருட்டும் பெரிய மரப் பீப்பாய்களுக்குத் தண்ணீர்க் குழாய் பார்க்கும் வேலையில் இருந்தார். அங்கே குழாய் உடைந்தால் சூப்பர்வைசர் கத்துவார், ஒட்டினால் கத்தமாட்டார். அப்படித்தான் தொழில் கற்றுக்கொண்டார். மற்றதெல்லாம் பெட்டிக்குள் வரும் தாளைப் படித்துத் தெரிந்துகொண்டது. ஒவ்வொரு குழாய்ச் சாமானோடும் எட்டாக மடித்த ஒரு தாள் வரும் அல்லவா, எல்லாரும் அதை எடுத்துத் தரையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். தேவானந்தம் மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோய், பைபிளுக்குப் பக்கத்தில் இருக்கும் அகராதியை வைத்துக்கொண்டு வரி வரியாகப் படிப்பார். படித்ததை ஃபைலில் போட்டு வைப்பார். மாதனூரில் இருக்கும் அவர் வீட்டில் இப்படி ஐந்து ஃபைல்கள் இருக்கின்றன.

சுவரை மூடுவதற்கு முன் இருபத்துநான்கு மணி நேரம் சோதனை. குழாயின் வாய்களையெல்லாம் அடைத்து, கைப்பம்பால் உள்ளே தண்ணீரை அழுத்தி, மீட்டரின் முள் எங்கே நிற்கிறது என்று பென்சிலால் கோடு போட்டுவிடுவார். மறுநாள் அதே நேரத்துக்கு வந்து பார்க்கும்போது முள் அதே கோட்டில் இருக்க வேண்டும். நடுவிலும் இரண்டு முறை வந்து பார்ப்பார். "நீங்க பாத்துட்டே இருந்தா முள்ளு நவுராதா மேஸ்திரி?" என்று ஒருமுறை ஒரு வீட்டுக்காரர் கிண்டல் செய்தார். "இது வரைக்கும் நவுந்ததில்ல" என்றார் தேவானந்தம்.

போன வருடம் தை மாதத்தில் ஷபீ அஹமது பாய் வீட்டிலிருந்து ஆள் வந்தது. ஷபீ பாய் தோல் வியாபாரி. அறுபத்தொரு வயது. வேலூரில் முழங்கால் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தார். பதினைந்து நாளில் வீட்டுக்கு வந்துவிடுவார். வந்தால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடப்பார். கட்டிலிலிருந்து எட்டு எட்டு வைத்தால் குளியலறை இருக்க வேண்டும். இப்போது இருப்பதோ வராந்தாவைத் தாண்டி இரண்டு படி இறங்கி. ஆகவே படுக்கையறையையே தடுத்து ஒரு மூலையில் குளியலறை கட்ட வேண்டும். செங்கல் வைத்தால் பூச்சு காய்வதற்கே நாள் போய்விடும். அதனால் பேரணாம்பட்டிலிருந்து போர்டு வேலைக்கு ஷோயப் என்பவரை வரவழைத்திருந்தார்கள். ஒன்பது வருடம் ஷார்ஜாவில் இருந்துவிட்டு வந்தவர். தகரச் சட்டங்களைத் தூண் தூணாக நிறுத்தி, குளியலறைப் பக்கம் சிமென்ட் போர்டும் படுக்கையறைப் பக்கம் ஜிப்சம் போர்டும் அடித்து இரண்டே நாளில் சுவர் எழுப்பிவிடுவார். நடுவில் நாலு அங்குலம் வெற்றிடம். தட்டினால் டொம் டொம் என்று சத்தம் வரும்.

தேவானந்தம் முதல் நாள் அந்தச் சட்டங்களுக்கு நடுவில் நின்று இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை பார்த்தார். செங்கல் சுவர் என்றால் சிமென்ட் குழாயைப் பிடித்துக்கொள்ளும். இங்கே பிடிக்க ஒன்றும் இல்லை.

"இது செவுரா?" என்றார்.

"மூடினா செவுருணா" என்றார் ஷோயப்.

அந்த வேலையைத் தேவானந்தம் ஆறு நாள் செய்தார். ஷவருக்கான மிக்ஸர் சுவருக்குள் போகிறது. வெளியே ஒரே ஒரு கைப்பிடிதான் தெரியும். தூக்கினால் திறக்கும், தாழ்த்தினால் மூடும். இடப்பக்கம் திருப்பினால் சுடுதண்ணீர், வலப்பக்கம் பச்சைத் தண்ணீர், நடுவில் வைத்தால் வெதுவெதுப்பு. பித்தளை உடம்பு முழுக்க உள்ளே. டைல்ஸ் ஒட்டி முடித்த பிறகு அது இரண்டு மில்லிமீட்டர் உள்ளே போயிருந்தாலும் மூடி பொருந்தாது, வெளியே வந்திருந்தாலும் பொருந்தாது. அவர் சட்டத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் தேக்குத் துண்டு ஒன்றைக் குறுக்கே பூட்டி, அதில் மிக்ஸரை இறுக்கி, ரசமட்டம் வைத்து, போர்டின் கனம், பசையின் கனம், டைல்ஸின் கனம் எல்லாவற்றையும் கூட்டி, மூன்று முறை கழற்றி மாட்டினார். தகரச் சட்டத்தில் துளை போட்டுக் குழாய் நுழையும் இடங்களில் தகர விளிம்பு குழாயை அறுக்காமல் இருக்க மெத்தென்ற தோலைச் சுற்றினார். அவர் மனைவி லில்லி ஷூ கம்பெனியில் செக்கிங் பார்க்கிறாள். ஷூவின் உட்புறத்துக்கு வைக்கும் தோலில் கழிவுத் துண்டுகள் வீட்டில் எப்போதும் கிடக்கும்.

ஷோயப் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: "ணா, எல்லாம் சூப்பர். பெட்ரூம் சைடுல மட்டும் ஒரு சின்ன கதவு வெச்சுடறேன். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி. வெளிய தெரியாது, பீரோ மறச்சிடும்."

"எதுக்கு?"

"நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா தொறந்து பாக்கலாம் இல்ல. ஷார்ஜாவுல எல்லா செவுத்துக்கும் வெப்போம்."

"ஷார்ஜாவுல பைப் வேல யாரு செஞ்சாங்க?"

"யார் யாரோ செஞ்சாங்க."

"அதான் கதவு வெக்கிறாங்க."

ஷோயப் சிரித்தார். தேவானந்தம் சிரிக்கவில்லை. "கதவுன்னு ஒண்ணு இருந்தா தொறக்கத் தோணும் தம்பி. செவுருக்கு எதுக்கு கதவு?" என்றார். ஷபீ பாயின் மனைவி நசீமுன்னிசாவும் கதவு வேண்டாம் என்றாள். சுவரில் பள்ளமாக எது இருந்தாலும் அதில் பல்லி குடியேறும் என்பது அவள் கட்சி. கதவு இல்லாமலே சுவர் மூடப்பட்டது. அதற்கு முன் இருபத்துநான்கு மணி நேரம் முள் கோட்டிலேயே நின்றது. தேவானந்தம் தேக்குத் துண்டின் மேல் பெயரும் தேதியும் எழுதினார்.

இந்த ஊர் வீடுகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இங்கே வீட்டுக்கு இரண்டு தண்ணீர். போரிலிருந்து வருவது உப்புத் தண்ணீர். கழுவ, துவைக்க, கக்கூஸுக்கு. டேங்கரிலோ நகராட்சிக் குழாயிலோ வருவது நல்ல தண்ணீர், குடிக்க, சமைக்க. மாடியில் இரண்டு தொட்டி. உப்புத் தண்ணீர்த் தொட்டி மாடிப்படிக் கூண்டின் தலையில் உயரமாக இருக்கும், மோட்டார் ஏற்றிவிடும். நல்ல தண்ணீர்த் தொட்டி மொட்டைமாடித் தரையிலேயே இருக்கும், டேங்கர்க்காரரின் ஹோஸ் அவ்வளவுதான் ஏறும். கீசருக்கு மட்டும் நல்ல தண்ணீர்தான் கொடுக்க வேண்டும். உப்புத் தண்ணீர் கொடுத்தால் ஆறே மாதத்தில் உள்ளே சூடேற்றும் சுருள் சுண்ணாம்புக் கட்டியாகிவிடும். ஆகவே குளியலறையில் சுடுதண்ணீர்க் குழாயில் நல்ல தண்ணீர், பச்சைத் தண்ணீர்க் குழாயில் உப்புத் தண்ணீர். இரண்டையும் பக்கெட்டில் பிடித்துக் கலந்து குளிப்பார்கள். ஊர் முழுக்க இப்படித்தான். தேவானந்தமும் இருபத்தாறு வருடங்களாக இப்படித்தான் கொடுத்திருக்கிறார். ஷபீ பாய் வீட்டிலும் கை தானாக அப்படியே கொடுத்தது.

ஷபீ பாய் வீட்டுக்கு வந்தார். குளியலறையில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கையில் பிடிக்கும் ஷவரால் குளித்தார். வாயைத் திறந்து பாராட்டாத மனிதர், போன் போட்டு "மேஸ்திரி, ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்றார்.

அடுத்த வாரமே அந்த வீட்டில் ஒரு பரக்கத், அள்ள அள்ளக் குறையாத இறையருள், உண்டானது. வழக்கமாக ஐந்து நாளில் காலியாகிவிடும் நல்ல தண்ணீர்த் தொட்டி ஐந்தாம் நாளும் நிறைந்தே இருந்தது. தண்ணீர் விடும் அஹமது பாஷா டேங்கரோடு வந்து, ஏறிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். எட்டாம் நாளும் வந்தார், தொட்டி வழிந்துகொண்டிருந்தது. எல்லாம் வீட்டுக்காரர் நல்லபடியாகத் திரும்பி வந்ததன் பலன் என்று நசீமுன்னிசா பக்கத்து வீட்டிலெல்லாம் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரிகள் ஒரு குடம் கேட்டார்கள். கொடுத்தாள். குடத்தைக் கொண்டுபோனவர்கள் மறுநாள் கேட்கவில்லை.

பத்தாம் நாள் டீ கரித்தது. பதினோராம் நாள் பால் திரிந்தது. நசீமுன்னிசா முதலில் பால்காரரை மாற்றினாள், பிறகு டீத்தூளை மாற்றினாள், அதன் பிறகு அஹமது பாஷாவைக் கூப்பிட்டு வாசலில் நிற்க வைத்துக் கேட்டாள். அஹமது பாஷா டேங்கரிலிருந்து ஒரு சொம்பு பிடித்து அவள் கண்முன்னாலேயே முழுவதும் குடித்தார். "என் தண்ணி கரிச்சா நான் இப்படி நிப்பேனா மா? உங்க தொட்டிக்கு நான் தண்ணி உட்டே பத்து நாள் ஆச்சு!" என்றார். அது நியாயமாகத்தான் இருந்தது. அப்படியானால் தொட்டிக்குள் இருப்பது யார் தண்ணீர்?

எல்லாரும் அந்த டொம் டொம் சுவரைப் பார்த்தார்கள்.

தேவானந்தத்துக்குத் திங்கட்கிழமை போன் வந்தது. போனபோது ஷோயப்பும் அங்கே இருந்தார், வெட்டும் மெஷினோடு.

"உள்ள ஏதோ பைப்பு உட்டுடுச்சு மேஸ்திரி" என்றாள் நசீமுன்னிசா. "உப்புத் தண்ணி நல்ல தண்ணிக்குள்ள பூருது. செவுத்த ஒடச்சிப் பாத்துடலாம்."

"ஒடைக்கத் தேவ இல்லம்மா."

"டீ குடிச்சுப் பாருங்க."

குடித்தார். கரித்தது. டம்ளரை வைத்துவிட்டு, "ஒரு நாள் டைம் குடுங்க" என்றார்.

"இன்னா பண்ணுவீங்க?"

"டெஸ்டு."

ஷபீ பாய் கட்டிலில் சாய்ந்தபடி, "மறுபடியும் முள்ளா?" என்றார்.

மறுபடியும் முள்தான். செவ்வாய் காலை பத்து மணிக்குக் குழாய் வாய்களையெல்லாம் அடைத்து, பம்பு போட்டு, கோடு கிழித்தார். புதன் காலை பத்து மணிக்கு முள் கோட்டில் இருந்தது. தேவானந்தம் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். நசீமுன்னிசா கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள். ஷோயப் குனிந்து பார்த்தார். சுவருக்குள் ஒரு சொட்டுகூடக் கசியவில்லை என்பது ஊர்ஜிதமானது.

"அப்ப உப்பு?" என்றாள் நசீமுன்னிசா.

அதற்கு முள்ளில் பதில் இல்லை. சுவர் தப்பித்துவிட்டது, அவர் கிளம்பியிருக்கலாம். ஆனால் கரிக்கும் டீயை விட்டுவிட்டுப் போவது அவருக்கு முடியவில்லை. எல்லாவற்றையும் பழையபடி மாட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டு, வீடு முழுக்க ஒவ்வொரு குழாயிலும் ஒரு விரல் தண்ணீர் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டே போனார்.

பகல் தொழுகையான லுஹர் நேரம் வந்தது. ஷபீ பாய் வாக்கரோடு உள்ளே போய், தொழுகைக்காகக் கை முகம் கழுவி ஒளு செய்துவிட்டு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து தொழுதார். தேவானந்தம் அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் கழித்து, கீசரின் நட்டை இன்னொரு சுற்று இறுக்குவதற்காக ஸ்டூல் போட்டு ஏறினார். ஏறும்போது பிடிமானத்துக்கு ஒரு குழாயைப் பிடித்தார். பிடித்த கையை எடுக்கவில்லை.

அது கீசருக்குள் தண்ணீர் போகும் குழாய். நல்ல தண்ணீர்த் தொட்டியிலிருந்து நேராக வருவது. அது குளிர்ந்திருக்க வேண்டும். சூடாக இருந்தது. பிளாஸ்டிக் குழாய் தானாகச் சூடேறாது. கீசரிலிருந்து ஒரு அடி, இரண்டு அடி தள்ளித் தொட்டுப் பார்த்தார். அங்கேயும் சூடு. தண்ணீர் கீசருக்குள் போகவில்லை. கீசரிலிருந்து பின்பக்கமாகத் தொட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது. வீட்டில் ஒரு குழாயும் திறந்திருக்கவில்லை.

ஸ்டூலின் மேல் நின்றபடியே திரும்பிப் பார்த்தார். கை ஷவர் கொக்கியில் தொங்கியது. ஒரு சொட்டும் இல்லை. மிக்ஸரின் கைப்பிடி சரியாக நடுவில், திறந்தபடி இருந்தது.

மொட்டைமாடிக்குப் போனார். நல்ல தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து, பையிலிருந்த வெள்ளை டேப்பில் ஒரு துணுக்கைக் கிள்ளி, கையைத் தோள் வரை விட்டு, வெளியே போகும் துளைக்கு எதிரே விட்டார். துளை அதை இழுத்துக்கொள்ள வேண்டும். துளை அதை ஊதித் தள்ளியது. டேப்புத் துணுக்கு நிதானமாக மேலே வந்து மிதந்தது. அவர் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

கீழே வந்து ஷபீ பாயிடம் கேட்டார்: "பாய், ஒளு செய்யும்போது தண்ணிய எப்படி நிறுத்துவீங்க?"

"ஷவர்லயே பட்டன் இருக்கே. கை கழுவினா ஒரு அமுக்கு, மூஞ்சி கழுவினா ஒரு அமுக்கு. தண்ணிய வீணாக்கக் கூடாது இல்ல? ஒரு சொட்டு வீணாக்க மாட்டேன்."

"செவுத்துல இருக்கிற கைப்பிடி?"

"அது ஏன் தொடறேன்? ஒரு கை வாக்கருல, ஒரு கை ஷவர்ல. அதத் தொட இன்னொரு கைக்கு எங்க போவேன்? மொத நாள் வெதுவெதுன்னு வெச்சேன், அப்படியே இருக்கு."

அவ்வளவுதான். பட்டனை அமுக்கினால் வெளியே போகிற வழி அடைபடுகிறது. உள்ளே மிக்ஸர் திறந்திருக்கிறது. உயரத் தொட்டியின் உப்புத் தண்ணீர் மிக்ஸருக்குள் வந்து, வெளியே போக முடியாமல், சுடுதண்ணீர்க் குழாய் வழியாகக் கீசருக்குள் ஏறி, அங்கிருந்து தாழ்ந்த தொட்டிக்குப் போகிறது. பகலெல்லாம் போகிறது, ராத்திரியெல்லாம் போகிறது. பரக்கத் வந்த வழி இதுதான். ஒரு சொட்டையும் வீணாக்காத மனிதர் ஒரு தொட்டி நல்ல தண்ணீரையும் உப்பாக்கிவிட்டிருந்தார். ஆனால் அவர்மேல் தவறில்லை. பக்கெட்டில் கலக்க வேண்டிய இரண்டு தண்ணீரை ஒரு பித்தளைக்குள் சந்திக்க வைத்தது யார் என்று தேவானந்தத்துக்குத் தெரியும். தாளில் போட்டிருந்தது அவருக்கு வரி மாறாமல் ஞாபகம் இருந்தது: இரண்டு பக்கமும் அழுத்தம் சமமாக இருக்க வேண்டும். இரண்டும் மாடித் தொட்டிதானே என்று அவர் விட்டுவிட்டார். ஒரு வீட்டுக்கு இரண்டு தண்ணீர் இருக்கும் என்பது அந்தத் தாளை எழுதியவருக்குத் தெரியாது. தேவானந்தத்துக்குத் தெரியும்.

அப்படியே சொன்னார். "தப்பு என்னுதுதான். உப்புத் தண்ணி லைனை இதுல குடுத்திருக்கக் கூடாது."

ஷபீ பாய் கேட்டார்: "கைப்பிடிய மூடிட்டா?"

"மூடிட்டா போகாது."

"அப்ப மூடிடறேன். இதுக்குப் போயி செவுத்த ஒடைக்கறதா? நசீமு, தொட்டிய கழுவச் சொல்லு. முடிஞ்சது விஷயம். நீங்க போங்க மேஸ்திரி."

ஷோயப் மெஷினைப் பைக்குள் போட்டார். சுவர் பிழைத்தது. இருபத்தாறு வருடக் கணக்கும் பிழைத்தது. தேவானந்தம் வண்டியை எடுத்துக்கொண்டு மாதனூருக்கு வந்தார்.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் லில்லி வந்து இறங்கும்போது அவர் வாசலில் அந்த மிக்ஸரின் தாளை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நடந்ததைச் சொன்னார்.

"அதான் மூடிக்கிறேன்னு சொல்லிட்டாரே" என்றாள் லில்லி.

"ஆமா."

"அப்புறம் இன்னா?"

"ஒண்ணும் இல்ல."

லில்லி கைப்பையை மாட்டிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். "எங்க லைன்ல ஒரு மெஷின் வந்துது. ஆபரேட்டர் ஜாக்கிரதையா இருந்தா கை மாட்டாதுன்னு கொண்டாந்தவரு சொன்னாரு. எங்க மேனேஜர் திருப்பி அனுப்பிட்டாரு. ஜாக்கிரதையா இருக்கிற ஆபரேட்டரு எங்ககிட்ட யாரும் இல்லன்னாரு."

தேவானந்தம் தாளை மடித்தார்.

"ஒரு ஷூவுல தையல் தப்பாச்சுன்னா சிவப்பு டேக் கட்டித் தனியா வெப்போம். நான் தெனம் நாப்பது கட்டறேன். அதுல தச்சவங்க பேரும் இருக்கும். யாரும் செத்துப் போயிடல" என்றாள் லில்லி. "இருபத்தாறு வருஷத்துக்கு ஒரு டேக்கு. எங்க கம்பெனியா இருந்தா உங்களுக்கு மெடல் குடுப்பாங்க."

மறுநாள் காலை அவர் எதற்கும் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனார். ஷபீ பாய் சந்தோஷமாக இருந்தார். "நேத்து லுஹருக்கு அப்புறம் இன்னிக்கு விடியக்கால ஃபஜர் வரைக்கும் ஒரு வாட்டிகூட மறக்கல. போயிப் பாருங்க" என்றார்.

கைப்பிடி மூடியிருந்தது. அதற்கு மேலே, தேவானந்தம் மில்லிமீட்டர் கணக்குப் பார்த்து மூடிய சுவரில், வழவழப்பான டைல்ஸின் மேல், ஒரு அட்டை ஒட்டப்பட்டிருந்தது. உர்தூவில் ஒரு வரி. கீழே தமிழில்: 'மூடவும். மறக்க வேண்டாம். டீ கெடும்.' நனையாமல் இருக்க அதன்மேல் பிளாஸ்டிக் கவர் போட்டிருந்தார்கள்.

தேவானந்தம் வேலை செய்த எந்தச் சுவருக்கும் இதுவரை அறிவிப்புப் பலகை வைக்கப்பட்டதில்லை. அவர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு வெளியே வந்து ஷோயப்புக்குப் போன் போட்டார்.

"தம்பி, மெஷினக் கொண்டா."

"எதுக்குணா? அதான் சரியாயிடுச்சே?"

"சரியாவல. படிக்கச் சொல்லி எழுதி வெச்சா அது பைப் வேல இல்ல."

நசீமுன்னிசா வேண்டாம் என்றாள். ஷபீ பாயும் வேண்டாம் என்றார். கீசரோடு வந்த ஒருவழி வால்வை மாட்டினால் போதாதா என்று ஷோயப் வந்ததும் கேட்டார். மாட்டினால் தாழ்ந்த தொட்டியின் தண்ணீர் அதைத் தள்ளித் திறந்து வருவதற்குள் நூலாகிவிடும். இந்த ஊரில் அதை யாரும் மாட்டாததற்குக் காரணமே அதுதான். மாடியிலேயே லைனை மாற்றிவிடலாமா என்றார். மாற்றினால் கக்கூஸுக்கும் நல்ல தண்ணீர் போகும். அதற்கு நசீமுன்னிசா சம்மதிக்க மாட்டாள். உப்புக் குழாய் சுவருக்குள் வந்துதான் கக்கூஸுக்கு ஒன்று, மிக்ஸருக்கு ஒன்று என்று பிரிகிறது. அந்த இடத்தைத்தான் வெட்ட வேண்டும். அந்த இடத்தில்தான் கையெழுத்தும் இருந்தது.

பீரோவை நகர்த்தினார்கள். படுக்கையறைப் பக்கம் ஜிப்சம் போர்டில் ஷோயப் பென்சிலால் சதுரம் போட்டார். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி. அன்றைக்குச் சொன்ன அதே அளவு. அளவைச் சொல்லும்போது மட்டும் குரலைக் கொஞ்சம் உயர்த்தினார். அறுத்து முடித்துப் பலகையை எடுத்ததும் செல்போன் விளக்கை உள்ளே அடித்தார்.

"தே. தேவானந்தம்" என்று சத்தமாகப் படித்தார். தேதியையும் படித்தார்.

நசீமுன்னிசா வந்து எட்டிப் பார்த்தாள். ஷபீ பாய் வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து, குனிய முடியாமல், ஷோயப் எடுத்த போட்டோவில் பார்த்தார்.

"கையெழுத்து நல்லா இருக்கே" என்றார் ஷபீ பாய். "இத எதுக்கு மேஸ்திரி உள்ள போட்டு மூடறீங்க?"

தேவானந்தம் தோளைச் சதுரத்துக்குள் நுழைத்து வேலையை ஆரம்பித்தார். உப்புக் குழாயை வெட்டி, கக்கூஸுக்குப் போவதை மட்டும் விட்டு, மிக்ஸர் பக்கம் போனதை அடைத்தார். கீசருக்கு வரும் நல்ல தண்ணீர்க் குழாயிலிருந்து ஒரு கிளை பிரித்து மிக்ஸரின் வலப்பக்கத்தில் சேர்த்தார். இப்போது இரண்டு பக்கமும் ஒரே தொட்டி. கைப்பிடி திறந்திருந்தாலும் தண்ணீருக்குப் போக இடமில்லை. புதிதாகத் துளைத்த தகரத்தில் தோலைச் சுற்றினார். பம்பை மாட்டினார். கோடு கிழித்தார்.

"ஐயோ, இருபத்துநாலு மணி நேரமா?" என்றாள் நசீமுன்னிசா.

"ஆமாம்மா."

மறுநாள் முள் கோட்டில் இருந்தது. தேவானந்தம் பென்சிலை எடுத்தார். பழைய தேதியை அடிக்கவில்லை. அதன் கீழே புதுத் தேதியை எழுதினார். ஷோயப் தான் அறுத்தெடுத்த அதே பலகைக்குச் சட்டம் வைத்து, நாலு திருகாணி போட்டு, சுவரின் நிறத்திலேயே பெயின்ட் அடித்துக் கதவாக்கினார்.

"பூட்டு இல்லையா?" என்றார் தேவானந்தம்.

"செவுத்துக்குள்ள எவன்ணா திருட வருவான்?"

குளியலறைக்குப் போய் அந்த அட்டையைத் தேவானந்தமே உரித்தெடுத்தார். டைல்ஸில் ஒட்டியிருந்த பசையைத் துணியால் தேய்த்துத் துடைத்தார். அட்டையை என்ன செய்வது என்று யோசித்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஆறாவது ஃபைல் அதிலிருந்துதான் ஆரம்பிக்கிறது.

ஐந்தாம் நாள் பார்த்துவிட்டு வரப் போனார். வாசலில் அஹமது பாஷாவின் டேங்கர் நின்றிருந்தது. ஹோஸ் மாடிக்கு ஏறியிருந்தது. அஹமது பாஷா அவரைப் பார்த்து, "வாங்க மேஸ்திரி, நல்லா இருக்கீங்களா!" என்று இதுவரை இல்லாத அன்போடு கேட்டார்.

நசீமுன்னிசா டீ கொண்டுவந்தாள். கரிக்கவில்லை. கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

"டீ நல்லா இருக்கும்மா."

"டீ நல்லாத்தான் இருக்கு" என்றாள் நசீமுன்னிசா. "தொட்டிதான் நாலே நாள்ல காலி. முன்னெல்லாம் அஞ்சு நாள் வரும். நடுவுல பத்து நாள் கொறையவே இல்ல, வழிஞ்சு ஊத்துச்சு. நீங்க கைய வெச்சதும் பரக்கத் போயிடுச்சு மேஸ்திரி."

"ஆமாம்மா" என்றார் தேவானந்தம்.

டம்ளரைக் கொடுத்துவிட்டு, உள்ளே வரலாமா என்று கேட்டுக்கொண்டு படுக்கையறைக்குப் போனார். பீரோவை ஒரு சாண் நகர்த்தினார். திருப்புளியை எடுத்து நாலு திருகாணியையும் கழற்றி, பலகையை இறக்கி வைத்தார். கையை உள்ளே விட்டு ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவிப் பார்த்தார். எல்லாம் காய்ந்திருந்தது. மூடித் திருகாணிகளைப் போட்டார்.

போட்டு முடித்து எழுந்தவர், கொஞ்சம் நின்று, மறுபடியும் கழற்றினார்.